பித்தளை ஊசியை நெரிக்காதீர்கள்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அங்கே ஒரு ஜான்சன் சீஹார்ஸ் படகு மோட்டார் வாங்கினேன். ஐந்தரைக் குதிரைசக்தி, 1950களில் வந்தது. செம்பவாங்கில் கப்பல் பட்டறை ஃபிட்டராக முப்பது வருடம் இருந்தவன் நான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டரைத் திறந்ததும் மனம் நொந்துபோனது. ஊசியின் நுனியில் மோதிரம் போட்டதுபோல ஒரு பள்ளம். யாரோ திருகை முரட்டுத்தனமாக இறுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வந்த பழைய மோட்டார்கள் பலவற்றிலும் இதே காயம்தான்.

இந்த மாடலின் முகப்பில் இரண்டு திருகுகள் உண்டு. மேலே இருப்பது மெதுவான ஓட்டத்துக்கு, கீழே இருப்பது முழு வேகத்துக்கு. இரண்டின் முனையிலும் கூரான பித்தளை ஊசி. விரல் நுனியால் மூடுங்கள், தட்டியதும் நிறுத்துங்கள். கழற்றும் முன் ஒவ்வொன்றும் மூட எத்தனை சுற்று எடுக்கிறது என்று எழுதி வையுங்கள். பள்ளம் விழுந்த ஊசியை மாற்றத்தான் வேண்டும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு திருகினாலும் மோட்டார் நிலைக்கு வராது.

அதற்கும் முன்னால் தீப்பொறியைப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், தீப்பொறி பிளக்கின் இடைவெளி 0.030. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் (கம்பிச் சுருள்) விரிசல் விட்டிருந்தால் கார்புரேட்டர் மேல் பழி போடுவது வீண்.

கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை தக்கையால் ஆனது. அதன் மேல்பூச்சு உரிந்தால் பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கிவிடும், எஞ்சினுக்குள் பெட்ரோல் வெள்ளமாகப் போகும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு நாலைந்து நாள் நன்றாக உலர விடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அவசரப்பட்டால் உள்ளே பெட்ரோல் தங்கிவிடும். பிறகு சூப்பர் குளூவை மெல்லிசாக இரண்டு தடவை பூசினால் போதும். பொருத்தியபின் மேல்மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்: மிதவை மூடியின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும்.

பெட்ரோல் போகும் சின்னஞ்சிறு ஜெட் துளைக்குள் இரும்புக் கம்பி விடவே கூடாது. தங்கூசி (தூண்டில்) நரம்புத் துண்டு போதும், பிறகு கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். ஊசிகளைச் சுற்றியுள்ள பேக்கிங் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். அவை தளர்ந்தால் அதிர்விலேயே திருகு சுற்றிக்கொள்ளும், காற்றும் கசியும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்கள் இந்த வேலையைப் பெட்ரோல் முழுக்க வடித்தபின், நல்ல காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

எரிபொருள் 24க்கு 1: ஆறு லிட்டர் பெட்ரோலுக்குக் கால் லிட்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எண்ணெய். கீழ்த் திருகை ஒரு சுற்றும் மேல் திருகை ஒன்றரைச் சுற்றும் திறந்துவிட்டுக் கிளப்புங்கள்.

டிரம் தண்ணீரில் வைத்துக் கிளம்புகிறதா என்று மட்டும் பார்க்கலாம். முழு வேக அளவைப் படகில் மாட்டி, கியர் போட்டு, சுமையோடுதான் பிடிக்க முடியும். மோட்டார் நன்றாகச் சூடான பிறகு முழு வேகத்தில் ஓட்டி, கீழ்த் திருகை எட்டில் ஒரு சுற்றாக மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் பதினைந்து விநாடி காத்திருங்கள். போன வருடம் ஒரு தம்பி, “அங்கிள், திருகியும் ஒன்றும் மாறலையே” என்று மளமளவென்று திருகிக்கொண்டே போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். புதிய கலவை எஞ்சினுக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

வேகம் குறைந்தாலோ தும்மினாலோ பெட்ரோல் போதவில்லை. சீராக ஓடும் இடம்வரை திறந்து, அதற்கு மேல் எட்டில் ஒரு சுற்று கூடுதலாக விடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்: பெட்ரோலோடுதான் எண்ணெயும் போகிறது, குறைத்தால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கியரிலேயே வேகத்தைக் குறைத்து, மேல் திருகை அதே முறையில் சரிசெய்யுங்கள். கரும்புகை கக்கித் திணறினால் பெட்ரோல் அதிகம். கடைசியில் முழு வேகத்தை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

கரை சேர்ந்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, மோட்டார் தானாக நிற்கும்வரை தண்ணீரிலேயே ஓட விடுங்கள். கிண்ணம் காலியான பிறகுதான் நான் மோட்டாரைத் தோளில் தூக்குவேன்.