கார்பன் கிரெடிட்டை வெளிநாட்டுக்கு விற்க அங்கீகாரக் கடிதம் வாங்குவது எப்படி? செம்பனை ஆலைக்காரர்களுக்கான செய்முறை விளக்கம்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை மாறினாலும் எங்கள் ஆட்களுக்கு இந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. ஆலை எங்கே இருக்கிறது என்று கண் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். அந்த நாற்றம் வரும் கழிவுநீர்க் குளங்களைத் தேடித்தான் இப்போது கார்பன் தரகர்கள் வருகிறார்கள். “குளத்தை மூடுங்கள், வாயுவைப் பிடியுங்கள், கிரெடிட் வரும், சிங்கப்பூர்க்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்” என்கிறார்கள். அந்த வாயு மீத்தேன். காற்றில் கலக்காமல் தடுத்த ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும், அல்லது அதற்குச் சமமான மீத்தேனுக்கும், கிடைக்கும் சான்றுதான் கிரெடிட். வாயுவைப் பிடிப்பதும் கிரெடிட் வருவதும் உண்மைதான். ஆனால் சிங்கப்பூருக்கு அது போய்ச் சேர நடுவில் ஒரு கடிதம் தேவை. தரகர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, கிரெடிட்டைப் பதிவு பண்ற ரெஜிஸ்ட்ரியிலே நம்பர் வந்துட்டா போதாதா? அப்புறம் எதுக்கு அரசாங்கக் கடிதம்?” அவரைப் போலப் புதிதாக இந்த வேலைக்குள் வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம் எதற்கு?

2015இல் ஏற்பட்ட பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தனக்கென ஓர் உமிழ்வுக் குறைப்பு இலக்கு வைத்திருக்கிறது. மலேசியாவின் 2030 இலக்கு, ஒவ்வொரு வெள்ளி உள்நாட்டு உற்பத்திக்கும் வெளியாகும் கார்பனின் அளவை 2005ஆம் ஆண்டு நிலையிலிருந்து 45 சதவீதம் குறைப்பது. உங்கள் ஆலை ஒரு டன் குறைத்தால், நீங்கள் யாரிடமும் சொல்லாவிட்டாலும் அது நாட்டின் கணக்கில் குறைந்துவிடும். அதே டன்னை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கித் தன் நாட்டுக் கணக்கிலும் கழித்தால் என்ன ஆகும்? ஒரே பழக்குலையைத் தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் இரண்டு பேர் பெயரில் எழுதின கதைதான். கணக்கு எழுதும் கிராணி விடுவாரா?

அதனால் பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தது. விற்கும் நாடு அந்த டன்னைத் தன் உமிழ்வுக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். வாங்கும் நாடு தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதுதான் ஈடுகட்டும் திருத்தம். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற ரெஜிஸ்ட்ரிகள் டன் உண்மையா என்றுதான் சரிபார்க்கின்றன. மலேசியாவின் தேசியக் கணக்கில் கை வைக்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை. “எங்கள் கணக்கில் இந்த டன்னை விட்டுக்கொடுக்கிறோம்” என்று நாடு எழுதித் தருவதுதான் அங்கீகாரக் கடிதம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே உள்ள எல்லாப் படிகளும் தானாகப் புரியும். நாட்டிடம் ஒரு பொருளைக் கேட்கிறீர்கள்; அதை ஏன் தர வேண்டும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

படி 1: யாருக்கு, எதற்காக விற்கிறீர்கள்?

இதை முதலில் முடிவு செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். கடிதமே தேவைப்படாத விற்பனையும் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய புர்சா கார்பன் சந்தையில் உள்நாட்டுக் கம்பெனி ஒன்று தன் விருப்பத்துக்கு வாங்கினால், டன் மலேசியாவிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட விற்பனைக்காக அமைச்சின் படிகளை ஏறி இறங்குவது வீண் அலைச்சல்.

கடிதம் கட்டாயமாகும் இடங்கள் இரண்டு. ஒன்று, வாங்கும் நாடு அதைத் தன் இலக்குக் கணக்கில் சேர்ப்பது. சிங்கப்பூர் நல்ல உதாரணம். அங்கே கார்பன் வரி 2024இல் டன்னுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்ந்தது. 2026, 2027ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. வரி கட்டும் கம்பெனிகள் தங்கள் உமிழ்வில் 5 சதவீதம் வரை வெளிநாட்டு கிரெடிட்டால் ஈடுகட்டலாம். ஆனால் கிரெடிட் வரும் நாட்டோடு சிங்கப்பூர் அரசாங்கம் அமலாக்க ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும், திட்ட வகையும் அந்த நாட்டுக்கான பட்டியலில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒப்பந்தம் முதலில் பாப்புவா நியூ கினியோடு 2023இல் கையெழுத்தானது. எனவே தரகர் “சிங்கப்பூர்” என்று சொன்னவுடன் கேட்க வேண்டிய கேள்வி: இரு நாட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா, நம் திட்ட வகை அதில் வருகிறதா? பதில் மழுப்பலாக வந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, விமானக் கம்பெனிகள். அனைத்துலகப் பயண உமிழ்வை ஈடுகட்டும் கோர்சியா திட்டத்தின் முதல் கட்டம் 2024 முதல் 2026 வரை. 2027இலிருந்து பெரும்பாலான நாடுகளுக்குக் கட்டாயம். இங்கே இரு நாட்டு ஒப்பந்தம் வேண்டாம். ஆனால் விற்கும் நாட்டின் கடிதம் கண்டிப்பாக வேண்டும்.

படி 2: உங்கள் குளம் தேறுமா?

பலர் இங்கேதான் கவிழ்கிறார்கள். கிரெடிட்டின் அடிப்படை விதி: எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைக்குக் கிரெடிட் கிடையாது. 2014 ஜனவரி 1 முதல் புதிய ஆலைகளும் உற்பத்தித் திறனைக் கூட்டும் ஆலைகளும் கழிவிலிருந்து எழும் உயிரிவாயுவை (பயோகேஸ்) பிடிக்கும் வசதி வைக்க வேண்டும் என்பது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் நிபந்தனை. உங்கள் ஆலை அதற்குப் பிறகு வந்ததா, விரிவாக்கம் செய்ததா என்று உரிமத்தை எடுத்துப் பாருங்கள். உரிமத்திலேயே அந்த நிபந்தனை இருந்தால் வாயுவைப் பிடித்ததற்குக் கிரெடிட் கேட்பது கடினம். பழைய உரிமத்தோடு திறந்த குளம் வைத்திருக்கும் ஆலைக்குத்தான் நல்ல வாய்ப்பு.

தேறினால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் பழக்குலைக்கு ஏறக்குறைய 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். ஒரு கன மீட்டரில் ஆக்சிஜனை உறிஞ்சும் அழுக்கு சுமார் 50 கிலோ. ஐ.நா. பருவநிலைக் குழுவின் அளவுகோலில் ஒரு கிலோ அழுக்கிலிருந்து அதிகபட்சம் 0.25 கிலோ மீத்தேன் வரலாம். ஆழமான காற்றில்லாக் குளமானால் அதில் 0.8 பங்கு நிஜமாக வெளியாகிறது என்று கொள்வார்கள். 50 பெருக்கல் 0.25 பெருக்கல் 0.8, ஆக 10 கிலோ மீத்தேன். பாரிஸ் கணக்கில் மீத்தேனுக்கு 28 மடங்கு மதிப்பு, எனவே ஒரு கன மீட்டருக்கு 280 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருஷத்துக்கு 2,00,000 டன் குலை அரைக்கும் ஆலையில் 1,30,000 கன மீட்டர் கழிவுநீர், 36,400 டன். இதில் முழுவதும் கைக்கு வராது. வெளியேறும் நீரில் தங்கும் அழுக்கு, ஒழுகும் வாயு, ஆலை செலவழிக்கும் மின்சாரம், பாதுகாப்புக்கான தள்ளுபடி எல்லாம் கழியும். நீங்கள் நிஜமாக எரித்த மீத்தேனை மீட்டரில் அளந்தும் காட்ட வேண்டும்.

“ஆழமான” என்று மேலே எழுதியதைக் கவனித்தீர்களா? கோடு 2 மீட்டர். அதற்குக் குறைவான குளத்துக்கு 0.8 இல்லை, 0.2. மேலே வந்த 36,400 அப்போது 9,100 ஆகிவிடும்! வெட்டும்போது நான்கு மீட்டர் இருந்திருக்கலாம். வருஷக்கணக்கில் சேறு வாராமல் விட்ட குளத்தில், கரையில் நின்று எடை கட்டிய கயிற்றை இறக்கினால் ஒன்றரை மீட்டரிலேயே கயிறு தளர்ந்துவிடும். தணிக்கையாளர் வந்து அதை அளப்பதற்கு முன் நீங்கள் அளந்து, தேதியோடு படமெடுத்து, சேறு வாரிய பில்லையும் கோப்பில் வையுங்கள்.

படி 3: கிரெடிட் யாருடையது?

ஆலை ஒருவருடையது, வாயுப் பிடிப்புச் சாதனம் முதலீடு செய்த இன்னொரு கம்பெனியுடையது, நிலம் மூன்றாமவருடையது. இந்த ஏற்பாடு நம் நாட்டில் சாதாரணம். குத்தகை ஒப்பந்தத்தில், பிடித்த வாயுவை எரித்து எடுக்கும் மின்சாரம் யாருக்கு என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். கார்பன் யாருக்கு என்று ஒரு வரிகூட இருக்காது. கடிதத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் பெயர் வரும், எனவே இதை இப்போதே எழுதி முத்திரை வரி கட்டிவிடுங்கள். கூட்டுறவுச் சங்கத் தோட்டமாக இருந்தால் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் வேண்டும். மின்சாரத்தைப் பசுமைச் சான்றிதழோடு விற்கிறீர்கள் என்றால், அந்த மின்சாரத்துக்கான குறைப்பைக் கார்பன் கணக்கில் மறுபடி காட்டாதீர்கள். மீத்தேன் தனி, மின்சாரம் தனி.

காட்டுத் திட்டம் என்றால் இன்னொரு கதவும் உண்டு. நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். சரவாக் 2023இல் தனியாக உமிழ்வுக் குறைப்புச் சட்டமே போட்டிருக்கிறது. அங்கே புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசாங்கத்தை மட்டும் நம்பிப் போக முடியாது.

படி 4: கதவைச் சீக்கிரம் தட்டுங்கள்

போக வேண்டிய இடம் புத்ராஜெயாவில் உள்ள இயற்கை வள, சுற்றுச்சூழல் நிலைத்தன்மை அமைச்சு. தேர்தலுக்குத் தேர்தல் பெயர் மாறும், இயற்கை வளத்துக்கான மலாய்ச் சொல்லான ‘சும்பெர் ஆஸ்லி’யைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். நடப்பிலிருக்கும் படிவமும் வழிகாட்டியும் அங்கேயே கேட்டு வாங்குங்கள், பழைய பி.டி.எப். கோப்பைத் தரகரிடமிருந்து வாங்கி நிரப்பாதீர்கள்.

முதலில் நாலைந்து பக்கத்தில் திட்டக் குறிப்பு மட்டும் கொடுங்கள். அதற்கு ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு பதில் வரலாம். வந்ததும் கிடா வெட்ட வேண்டாம். அது அங்கீகாரம் ஆகாது. மேலே வேலையைத் தொடரலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதைக் காட்டி முன்பணம் கேட்கும் விற்பனையாளரும் உண்டு, கொடுத்துவிட்டுத் தவிக்கும் வாங்குவோரும் உண்டு.

முழு விண்ணப்பத்தைக் கிரெடிட் வெளியாவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. வந்த பிறகு கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் அதற்குள் அந்த வருஷங்களின் குறைப்பை நாடு தன் அறிக்கையில் சேர்த்துவிட்டால் பேச்சு சிக்கலாகும்.

படி 5: நாடு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

விண்ணப்பத்தின் உயிர் இதில்தான். மலிவாகச் செய்யக்கூடிய குறைப்பை எல்லாம் வெளிநாட்டுக்கு விற்றுவிட்டால், இலக்கை எட்ட நாட்டுக்கு மிஞ்சுவது செலவு பிடித்த வேலைகள்தான். எந்த அதிகாரியும் இதைத்தான் முதலில் யோசிப்பார். ஆகவே “நாற்றம் குறையும், ஊருக்கு நல்லது” என்று பொதுவாக எழுதாதீர்கள். கிரெடிட் பணம் இல்லாமல் இந்தத் திட்டம் ஏன் நடக்காது என்று வங்கிக் கணக்கோடு காட்டுங்கள். எல்லா டன்னையும் கேட்காமல் ஒரு பங்கை நாட்டுக்கே விட்டுவைக்க முன்வரலாம். சில வருஷங்களுக்கு மட்டும் அங்கீகாரம் கேட்டு, பிறகு வரும் குறைப்பு முழுவதும் மலேசியாவுக்கே என்று எழுதலாம். என் அபிப்பிராயத்தில் இந்த ஒரு வரி பத்துப் பக்க விளம்பரத்தைவிட வலுவானது.

கூடவே வைக்க வேண்டியவை: திட்ட வடிவமைப்பு ஆவணம், சுயேச்சைத் தணிக்கை நிறுவனத்தின் சரிபார்ப்பு, எஸ்.எஸ்.எம். (கம்பெனிகள் ஆணையம்) பதிவு, படி 3இல் சொன்ன உரிமை ஒப்பந்தம், வாங்குபவரின் விருப்பக் கடிதம், சுற்றுச்சூழல் இலாகா உரிமம். ஐ.நா.வின் சொந்தக் கிரெடிட் முறையான 6.4 வழியில் போனால், வெளியாகும் கிரெடிட்டில் 5 சதவீதம் தகவமைப்பு நிதிக்குப் போகும், குறைந்தது 2 சதவீதம் யாருக்கும் இல்லாமல் ரத்தாகும். இதையும் வரவு செலவில் போட்டு வையுங்கள்.

படி 6: கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 2024இல் அஸர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாடு வரையறுத்துவிட்டது. பயன்பாடு எது என்று பாருங்கள்: வேறு நாட்டின் இலக்குக்கா, விமானத் துறைக்கா, மற்றதுக்கா? ஒன்றுக்கு மட்டும் எழுதியிருந்தால் மற்றதுக்கு விற்க முடியாது. எந்தெந்த வருஷக் குறைப்பு, எத்தனை டன், யாருக்கு அதிகாரம் என்பதைப் பாருங்கள். அப்புறம் ‘முதல் மாற்றம்’ எந்த நேரத்தில் நடந்ததாகக் கொள்ளப்படும் என்ற வரி. இலக்குக்காக விற்றால் டன் நாட்டைத் தாண்டும் நாள்; மற்றப் பயன்களுக்கு அங்கீகரித்த நாளா, கிரெடிட் வெளியான நாளா, பயன்படுத்திய நாளா என்பதை நாடு குறிப்பிடும். இந்த நேரம் முக்கியம். முதல் மாற்றம் நடந்த டன்னுக்கு நாடு பிறகு மனம் மாறினாலும் அங்கீகாரத்தைத் திருத்த முடியாது, கடிதத்திலேயே அப்படி நிபந்தனை வைத்திருந்தால் ஒழிய. அதனால் ரத்து, திருத்தம் பற்றிய பத்தியை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் நஷ்டம் யார் தலையில் என்பதையும் இதே சமயத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: கடிதம் வந்த பிறகு

கடிதத்தை ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பினால் உங்கள் கிரெடிட் மீது 6ஆவது பிரிவு முத்திரை விழும். அமைச்சும் அதை ஐ.நா. பருவநிலைச் செயலகத்துக்கு அனுப்ப வேண்டும். செயலகத்தின் பொதுத் தளத்தில் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் முறை அல்ல. 2022இல் தாய்லாந்தும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டன. பேங்காக்கின் மின்சாரப் பேருந்துகள் குறைத்த 1,916 டன், பாரிஸ் முறையில் இலக்குக்காக நாடு விட்டு நாடு போன முதல் கணக்காக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

ஈடுகட்டும் திருத்தம், நாடு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஐ.நா.வுக்கு அனுப்பும் வெளிப்படை அறிக்கையில் பதிவாகும். முதல் சுற்றுக்குக் கெடு 2024 டிசம்பர் 31. அடுத்தடுத்த சுற்று இரண்டிரண்டு வருஷத்தில். நீங்கள் விற்ற பிறகு வரும் அறிக்கையைப் பதிவிறக்கி, உங்கள் திட்ட எண்ணும் டன்னும் அதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் அமைச்சுக்கு எழுதுங்கள், வாங்கியவருக்கும் ஒரு நகல் போடுங்கள்.