டப்பா மீனின் நடுமுள்ளை எறியாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தமிழ் வீடுகளில் டப்பா மீன் கறி வைக்காத வீடு அரிது. ஆனால் அந்த டப்பாவில் வரும் பில்சர்ட் என்ற மத்தி வகை மீனைப் பிளந்து, நடுமுள்ளை உருவிக் குப்பையில் போடும் பழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கால்சியம் இருப்பதே அந்த முள்ளில்தான். டப்பாவிலேயே வெந்து மெத்தென்று ஆகிவிட்ட முள் அது. விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். தக்காளி, வெங்காயம், புளியோடு கொதிக்கும்போது கரண்டியால் மசித்துவிடுங்கள். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது. 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மீன் தொடாத புரட்டாசியில் பாலும், அமாசி என்ற புளித்த பாலும் கைகொடுக்கும். பசலைக்கீரையை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது.

கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள். கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி அவசியம். தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால், 65 வயதுவரை காத்திருக்காமல் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.