ரொட்டிப் புத்தகம் வாங்கும் முன்

அட்டைப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே ஏதாவது ஒரு செய்முறையைத் திறங்கள். மாவு கிராமில் இருக்கிறதா? ‘ஒரு கப் மாவு’ என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். அள்ளுகிற விதத்தைப் பொறுத்து அது 120 கிராமும் வரும், 150-உம் வரும். பிசைந்தால் ஒரு நாள் கல்லு, மறுநாள் கூழு.

அடுத்து பேக்கர் சதவீதம். மாவை 100 என்று வைத்து மற்றதைச் சொல்லும் கணக்கு இது: 500 கிராம் மாவுக்கு 68% தண்ணீர் என்றால் 340 கிராம், 2% உப்பு என்றால் 10 கிராம். இது இல்லாமல் பேக்கரிக்காரர் 20 கிலோவுக்கு எப்படிப் பெருக்குவார்? ஜெஃப்ரி ஹாமெல்மனின் ‘பிரெட்’ (2004) சதவீதத்தோடு வீட்டு அளவையும் பேக்கரி அளவையும் தருகிறது. வீட்டில் புதிதாகத் தொடங்குபவருக்கு கென் ஃபோர்கிஷின் ‘ஃபிளவர் வாட்டர் சால்ட் யீஸ்ட்’ (2012) நல்லது. அதிலுள்ள ரொட்டியைச் சுட மூடியோடு கனத்த இரும்புப் பாத்திரம் வேண்டும், அதற்கும் காசு எடுத்துவையுங்கள்.

பிசைந்த மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று சொல்கிறதா, அதையும் பாருங்கள். 24 டிகிரிக்கு எழுதிய ‘இரண்டு மணி நேரம் பொங்கவிடுங்கள்’ என்பது நம் 32 டிகிரி சமையலறையில் மாவை அளவுக்கு மீறிப் பொங்கவிட்டு அமுக்கிவிடும். மேல்நாட்டுப் புத்தகம் சொல்லும் தண்ணீரையும் நம் மைதாவுக்கு அப்படியே ஊற்றாதீர்கள். அதில் 25 கிராமைப் பிடித்துவைத்து, கை கேட்டால் மட்டும் சேருங்கள்.