கட்டம் நிரம்பினால் போதுமா?

“பாலோடு பழமும் சேர்ந்தால் மாடியில் காற்று வாங்கலாம் (4).” இதைப் படித்ததும் மனசு சாப்பாட்டுப் பக்கம்தான் ஓடும். விடை பால்கனி. அடைப்புக்குள் இருக்கும் 4 விடையின் எழுத்து எண்ணிக்கை. பால், கூடவே பழத்துக்கு இன்னொரு பெயரான கனி. ‘மாடியில் காற்று வாங்கலாம்’ என்பது நேர்ப்பொருள், அதாவது விடையின் பொருளை நேராகச் சொல்லும் பகுதி. சொல் விளையாட்டுக்குள் விடையை ஒளித்துவைக்கும் கிரிப்டிக் குறுக்கெழுத்தின் ருசி இதில்தான் இருக்கிறது. குறிப்பு ஏதோ ஒரு கதை சொல்லும். விடைக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமே இருக்காது.

எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ் என்பவர் ‘டார்க்மாடா’ என்ற புனைபெயரில் 1926 முதல் லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் போட்ட புதிர்கள் இந்த வகைக்கு வழி வகுத்தன. தமிழிலும் ‘தென்றல்’ மாத இதழில் இப்படிப்பட்ட புதிர்கள் வந்திருக்கின்றன. காளமேகத்தின் சிலேடையை ரசித்த மொழிக்கு இது ஒன்றும் அந்நியச் சரக்கு அல்ல. ஆனாலும் புதிதாக வருபவர்கள் பத்து நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் புத்திக்குறைவு இல்லை, ஒன்றிரண்டு தப்பான பழக்கங்கள்தான்.

முதலாவது, குறிப்பு சொல்லும் கதையை நம்பிவிடுவது. “சிவா திரும்பியதும் படி (2)” என்றால் சிவா எங்கே போனான், படியில் ஏறினானா என்று யோசிக்கக் கூடாது. நேர்ப்பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். மிச்சம் எல்லாம் எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளை. இங்கே சிவாவைத் திருப்பிப் போட்டால் வாசி. அதன் பொருள் படி. மாடிப்படி, அரிசி அளக்கும் படி என்று பெயர்ச்சொல்லாகவே பிடித்துக்கொண்டு தொங்கினால் இந்த விடை கிடைக்கவே கிடைக்காது. ஒரு சொல் முரண்டு பிடித்தால் அது வினையா பெயரா என்று மாற்றிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, தமிழுக்கே உரிய சறுக்கல்கள். கட்டத்துக்கு ஒரு எழுத்து என்பதால் ஒற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. பூக்கடைக்கு நான்கு கட்டம். மூன்றில் அடைக்கப் பார்த்து முழிப்பவர்கள் உண்டு. அப்புறம், வேற்றுமை உருபு ஒட்டியதும் சொல் உருமாறிவிடுகிறது. ‘மகுடத்தில்’ என்று எழுதியிருந்தால் அதற்குள் இருப்பது மகுடம் என்பதைக் கண் எளிதில் தவறவிடும். இன்னொரு பக்கம் தமிழ் நமக்கு உதவியும் செய்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவதும் தவறுதான். ஒரு கட்டத்தில் ங் விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசைதான். சொல் ட-வில் தொடங்காது என்ற இலக்கண விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். டீயும் டிக்கெட்டும் கட்டத்துக்குள் தாராளமாக வரும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பொருந்துகிற மாதிரி இருக்கிறதே என்று நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவது. “தலையிழந்த மகுடத்தில் தண்ணீர் எடுக்கலாம் (3).” கடைசி எழுத்து ம் என்று ஏற்கெனவே தெரியும் என்று வையுங்கள். சட்டென்று குளம் என்று எழுதத் தோன்றும். தண்ணீர் எடுக்கலாம்தானே? முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரி, நடு எழுத்து தப்பு. மகுடத்தின் முதல் எழுத்தை வெட்டினால் வருவது குடம். இந்த ஒரு தப்பு குறுக்கே போகிற சொல்லையும் கெடுக்கும். அதைத் தேடி அரை மணி நேரம் போகும். எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறு. விடை சரியாகவே அமைந்தாலும் ‘ஏன்’ என்று கேட்காதவர் தலையிழந்த மகுடத்தை ரசிக்காமலே போய்விடுகிறார். காசு கொடுத்து வாங்கிய கரும்பை மெல்லாமல் விழுங்குகிற மாதிரிதான் இது. விடைக்குப் பக்கத்தில் எப்படி வந்தது என்று இரண்டு சொல்லில் கிறுக்கி வைக்கலாம். அப்படி எழுத முடியவில்லை என்றால் அந்த விடையை இன்னும் நம்ப வேண்டாம்.

புதிரை விமர்சிப்பதில் வேறு வகைத் தவறுகள் வரும். ‘எனக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது, அதனால் சுமார்’ என்பது விமர்சனம் இல்லை. எளிமையான குறிப்பு அழகாக இருக்கலாம், கடினமானது வெறும் சண்டித்தனமாக இருக்கலாம். பார்க்க வேண்டியது நேர்மை. புதிர் அமைப்பவர் தான் சொல்வதை மனதில் நினைக்க வேண்டியதில்லை, ஆனால் தான் நினைப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ‘அஃப்ரிட்’ என்ற ஆங்கிலப் புதிர் ஆசிரியர் 1949இல் எழுதினார். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த சிறந்த அளவுகோல் அதுதான்.

அதை வைத்துப் பார்ப்போம். “குழம்பிய நகரம் பாவிகள் போகும் இடம் (4)” நேர்மையானது: நகரத்தின் எழுத்துகளைக் கலைத்தால் நரகம். ‘குழம்பிய’ இல்லாமல் எழுதியிருந்தால் கலைக்கச் சொல்லும் கட்டளையே இல்லை, அது அநியாயம். “சிவா கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் படி” என்று நீட்டினால் கதை இன்னும் இயல்பாகிறது. ஆனால் கோயிலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பலர் இதைப் பாராட்டிவிடுவார்கள், நான் மதிப்பெண் குறைப்பேன். அதே கண்டிப்போடு பார்த்தால் மேலே சொன்ன பால்கனியும் முழுத் தேர்ச்சி பெறாது. ‘காற்று வாங்கலாம்’ என்பது அங்கே நடப்பதைச் சொல்கிறதே தவிர இடத்தைச் சொல்லவில்லை.

அவசரப்பட்டு விடையைப் போட்டு உடைப்பது கடைசித் தவறு. இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். ஒருவர் சிக்கிக்கொண்டால் ஒரு எழுத்தை மட்டும் சொல்லலாம், விடையை அல்ல. எனக்கு மிகவும் பிடித்த வகை, இரண்டு நேர்ப்பொருள் மட்டும் கொண்ட குட்டிக் குறிப்பு. அதில் ஒன்று: “பாயும், பூக்கும் (3).” நடு எழுத்து ங்.