மூன்றாவது ஆளுக்குப் போட்ட வாக்கு: ஜனாதிபதித் தேர்தலில் நாம் விடும் கணக்குப் பிழைகள்

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த மறுநாள். ஊரடங்கை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை. நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுக் கைபேசியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, ஆர் வெண்டது?”

“இன்னும் இல்லை மாமா. ஒருத்தருக்கும் பாதி கிடைக்கேல்ல. இரண்டாம் விருப்பு எண்ணப் போறாங்களாம்.”

“அது ஆர் போட்டது? நான் சங்குக்கு ஒரு புள்ளடி போட்டிட்டு வந்தன். அவ்வளவுதான்.”

சங்குச் சின்னத்துக்கு நேரே ஒற்றை X அடையாளம்; அவர் போட்டது செல்லுபடியான வாக்குத்தான். எண்ணியும் ஆயிற்று. ஆனால் அந்த மத்தியானத்துக்குப் பிறகு நடந்த கணக்கில் அவருக்குப் பங்கே இல்லை. அவர் தனியாளும் இல்லை. நாடு முழுக்க முப்பது இலட்சம் பேர் அப்படித்தான் வாக்குப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வேட்பாளர்களைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சுகளில் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிவது இதுதான். யாருக்குப் போடலாம் என்று ஒரு மாதம் வாதாடுவோம். எப்படிப் போடுவது என்பதை ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டோம்.

நம் சட்டம் சொல்வது இவ்வளவுதான். ஜனாதிபதியாக வர, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். முதல் எண்ணிக்கையில் ஒருவருக்கும் அது கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரேயடியாக நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அதில் 2 என்ற எண் அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேரும். 2 வேறு யாருக்காவது போயிருந்தால் 3 எங்கே என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் சீட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். அதனால் 2, 3 என்ற எண்கள் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தன. ஒன்பதாவது தேர்தலில்தான் அவற்றுக்கு வேலை வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்கு, 42.31 சதவீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035, 32.76 சதவீதம். ரணில் விக்கிரமசிங்க 17.27 சதவீதத்தோடு மூன்றாவது. சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கு 226,343. மொத்தம் 38 பேர் போட்டியிட்டார்கள். சீட்டை விரித்துப் பிடித்தால் இரண்டடிக்கு மேல் வரும்.

முதல் இருவருக்கும் போகாத சீட்டுகள் 3,321,666. அவற்றையெல்லாம் மறுபடி பார்த்தார்கள். அநுரவுக்குக் கூடியது 105,264, சஜித்துக்குக் கூடியது 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. அதாவது நூறு சீட்டில் எட்டில்தான் பயன்படக்கூடிய 2 அல்லது 3 இருந்தது. மற்றத் தொண்ணூற்றிரண்டும் மாமாவின் சீட்டைப் போல ஓரமாகப் போயின.

ஏன் எழுதாமல் விட்டீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். “ரெண்டு எண்டு இன்னொருத்தனுக்குப் போட்டா என்ட ஒண்டு பாதியாப் போயிடாதோ?” என்றார். இந்தப் பயம் பலரிடம் இருக்கிறது. போகாது. உங்கள் முதல் ஆள் போட்டியில் இருக்கும்வரை உங்கள் 2 என்ற எண்ணை யாரும் பார்ப்பதே இல்லை. அநுரவுக்கோ சஜித்துக்கோ 1 போட்டவர்களின் சீட்டில் 2 யாருக்கு இருந்தது என்று அன்றைக்கு ஒருவரும் எண்ணவில்லை. முதல் ஆள் நீக்கப்பட்ட பிறகுதான் 2 உயிர் பெறும்.

ஆனால் எழுதும்போது கவனம் வேண்டும். தனியாக ஒரு புள்ளடி போட்டால் அது முதல் விருப்பாக எடுக்கப்படும். விருப்புகளை வரிசைப்படுத்துவதென்றால் 1, 2, 3 என்று எண்களாகவே எழுத வேண்டும். புள்ளடியையும் எண்ணையும் ஒரே சீட்டில் கலந்தாலோ, 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதினாலோ சீட்டு நிராகரிக்கப்படும். அந்த முறை நிராகரிக்கப்பட்டவை 300,300. அரியநேத்திரன் எடுத்ததைவிட அதிகம்!

அப்புறம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் கேட்ட கணக்கு. கிண்ணியா பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் கடைக்கார நானா அடித்துச் சொன்னார்: “ரணில் நிண்டதாலதான் சஜித் தோத்தவர். வாக்கு ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. இல்லாட்டி கதையே வேற.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரணிலின் வாக்கைச் சஜித்தோடு அப்படியே கூட்டினால் 66 இலட்சத்தைத் தாண்டும். அநுரவைவிடப் பத்து இலட்சம் கூட.

பிழை அந்த “அப்படியே” என்ற சொல்லில்தான். மூன்றாமவரின் வாக்காளர்கள் மூட்டை கட்டி இரண்டாமவரிடம் ஒப்படைக்கக் காத்திருப்பவர்கள் அல்லர். நானாவின் பில் துண்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அந்த 33 இலட்சம் சீட்டிலும் விருப்பு எழுதியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். சஜித் வெல்ல அதில் 69 சதவீதம் அவருக்கு வந்திருக்க வேண்டும். உண்மையில் எழுதியிருந்தவர்கள் அவருக்குக் கொடுத்தது 61 சதவீதம். எல்லோரும் இதே விகிதத்தில் எழுதியிருந்தாலும் அநுரதான் ஜனாதிபதி. எழுதாமல் விட்டவர்களின் மனது வேறு மாதிரி இருந்திருக்கலாம், அது சரி. ஆனால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நானா துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பிளேன்டீக் கணக்கு ஒண்டு குறையுது” என்றார்.

இதே பிழைக்குப் பழைய உதாரணம் 1988. ரணசிங்க பிரேமதாச 2,569,199, சிறிமாவோ 2,289,860, மூன்றாவதாக ஒஸீ அபேகுணசேகர 235,719. ஒஸீ நிற்காவிட்டால் சிறிமாவோ வென்றிருப்பார் என்று சொல்ல ஆசை வரும். இடைவெளி 279,339. ஒஸீயின் வாக்கு ஒன்று விடாமல் அந்தப் பக்கம் போயிருந்தாலும் போதாது. “பிரிச்சுப் போட்டான்” என்று யாராவது சொன்னால் முதலில் இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள். மூன்றாமவர் எடுத்தது இடைவெளியைவிடக் குறைவென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. கூடவென்றால்தான் அந்த வாக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்ற கேள்விக்கே இடம்.

இந்த “வாக்குப் பிரிப்பு” பேச்சுக்கு வலுக் கொடுப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கதைதான். அங்கே அது உண்மையாகவும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் புஷ் அல் கோரை முந்தியது வெறும் 537 வாக்கால். பசுமைக் கட்சியின் ரால்ப் நாடருக்கு அங்கே 97,488. நாடருக்குப் போட்டவர்களில் சிறு பங்கு கோர் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தாலும் வெள்ளை மாளிகை கைமாறியிருக்கும். ஏனென்றால் அங்கே அநேகமான மாநிலங்களில் பாதி தேவையில்லை. ஒரு வாக்கு முந்தினாலும், அந்த மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்வாளர்கள் எல்லோரும் முந்தியவருக்கே. மொத்தத் தேர்வாளர்கள் 538, வெல்ல வேண்டியது 270. புளோரிடாவின் 25ம் சேர்ந்து புஷ்ஷுக்குக் கிடைத்தது 271. நாடருக்குப் போட்டவர், “இவர் இல்லாவிட்டால் கோர்” என்று சீட்டில் எழுத வழியே இல்லை. நமக்கு அந்த வழி இருக்கிறது. இருந்தும் நாம் வாக்குச்சாவடிக்குப் போய் அமெரிக்கக்காரர் மாதிரி ஒரு புள்ளடியோடு திரும்பி வருகிறோம்.

அமெரிக்காவிலும் எல்லா மூன்றாமவரும் நாடர் அல்லர். 1992இல் ரொஸ் பெரோ என்ற செல்வந்தர் ஏறக்குறைய 19 சதவீதம் எடுத்தார். ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. அவர்தான் மூத்த புஷ்ஷைக் கவிழ்த்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் அன்று கேட்டபோது, பெரோவின் ஆட்கள் கிளின்டனுக்கும் புஷ்ஷுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். 1968இல் ஜோர்ஜ் வாலஸ் எடுத்தது 13.5 சதவீதம்தான். ஆனால் அது தெற்கு மாநிலங்களில் குவிந்திருந்ததால் 46 தேர்வாளர்கள். அங்கே எவ்வளவு எடுத்தார் என்பதைவிட எங்கே எடுத்தார் என்பதே பெரிது.

அந்த “எங்கே”யை நம் தேர்தலுக்குள் கொண்டுவருவது இன்னொரு பிழை. “திருகோணமலையில் சஜித் வெண்டவர்” என்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். மாவட்டத்தில் அவர்தான் முதலிடம். யாழ்ப்பாணத்திலும் அவரே, அரியநேத்திரன் கிட்டத்தில் இரண்டாவது. 1982இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர் குமார் பொன்னம்பலம். இவை அரசியல் செய்தியாக முக்கியம்தான். எண்ணிக்கையில் மட்டும் ஒரு பெறுமதியும் கிடையாது. ஜனாதிபதித் தேர்தலுக்கு முழு நாடும் ஒரே தொகுதி. மூதூரில் விழுந்த வாக்கும் மாத்தறையில் விழுந்த வாக்கும் ஒரே குவியலில்தான் சேரும்.

சரி, 1, 2, 3 ஒழுங்காக எழுதினால் மூன்றாமவரால் ஒரு சேதமும் இல்லையா? அப்படி நினைப்பதும் பிழை. விருப்பு முறை தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். நம் முறையில் கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராக நீக்குவதில்லை. மூன்றாவதிலிருந்து கீழே எல்லோரும் ஒரே வெட்டில் போய்விடுவார்கள். ஆகவே ஒரே கருத்துள்ள ஆட்கள் நாலு பேருக்கு 1 ஐப் பங்குபோட்டுக் கொடுத்தால், நாலு பேரும் மூன்றாவதுக்குக் கீழே போய், அவர்கள் விரும்பாத இருவர் மேலே நிற்க முடியும். பிரான்ஸில் 2002இல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அங்கே விருப்பு எண் இல்லை, இரண்டாம் சுற்று வாக்களிப்பு; ஆனால் முதல் இருவர் என்ற வெட்டு அதேதான். 16 பேர் நின்றார்கள். இடதுசாரி வாக்கு பல பக்கம் சிதற, பிரதமர் ஜொஸ்பான் 16.18 சதவீதத்தோடு மூன்றாவதானார். தீவிர வலதுசாரி லு பென் 16.86 எடுத்து இரண்டாம் சுற்றுக்குப் போனார். 2024இல் நமக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருபது இலட்சம் வாக்கு. அடுத்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னது? இரண்டாம் இடத்துக்கு இழுபறி என்றால் 1 ஐ யாருக்குப் போடுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். 2 அங்கே காப்பாற்றாது.

சின்ன வேட்பாளர்கள் செய்யக்கூடிய இன்னொரு வேலை, முதல் ஆளைப் பாதிக்குக் கீழே இழுப்பது. 2005இல் மஹிந்த ராஜபக்ஷ எடுத்தது 50.29 சதவீதம். பாதிக்கு மேல் அவர் கையில் இருந்தது முப்பதாயிரம் வாக்குகூட இல்லை. அந்த முறை வடக்கில் பெரும்பகுதி மக்கள் வாக்களிக்கவே இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அவர்களில் ஒரு பகுதி வந்து யாருக்காவது, தோற்பது நிச்சயமான ஒருவருக்காவது போட்டிருந்தால்கூட இரண்டாம் எண்ணிக்கை பத்தொன்பது வருஷம் முன்பே நடந்திருக்கும். வீட்டில் இருப்பதும் மூன்றாமவருக்குப் போடுவதும் ஒன்றுதான் என்பவர்களிடம் நான் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். வராதவரின் வாக்கு மொத்தத்திலும் சேராது. அதனால் பாதி என்ற கோடு கீழே இறங்கி, முன்னால் நிற்பவருக்கு வசதியாகிறது.

“அநுர இரண்டாம் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டினார்” என்பதும் பத்திரிகைகளிலேயே வரும் ஒரு வழுக்கல். தாண்டியது எஞ்சியிருந்த வாக்குகளில் பாதியை. முதலில் செல்லுபடியான 13,319,616 வாக்கோடு ஒப்பிட்டால் அவருடைய இறுதித் தொகை 5,740,179 வெறும் 43 சதவீதம். சட்டப்படி அது போதும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் சரத் பொன்சேகாவையும் 2015இல் மைத்திரிபால சிறிசேனவையும் “பொது வேட்பாளர்” என்றோம். அவர்கள் எதிரணியெல்லாம் சேர்ந்து நிறுத்திய இரண்டாவது ஆட்கள், வெல்ல நின்றவர்கள். 2024இல் “தமிழ்ப் பொது வேட்பாளர்” என்றது வேறு சங்கதி. அங்கே வெற்றி நோக்கமே இல்லை, ஒரு செய்தியைப் பதிவு செய்வதுதான் நோக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து “தோற்றுப்போனார்” என்பதில் அர்த்தமில்லை. அந்த 226,343ஐத் தமிழர் எல்லோருடைய தீர்ப்பு என்று தூக்கிப் பிடிப்பதிலும் இல்லை. தமிழரசுக் கட்சி அந்தத் தேர்தலில் சஜித்தை ஆதரிக்கச் சொல்லியிருந்தது. தமிழ் வாக்கு நாலு பக்கமும் போயிருந்தது.

மூன்றாமவர் என்று சிரிப்பதற்கு முன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். 2019இல் மூன்றாவதாக வந்தவர் 3.16 சதவீதம் எடுத்தார். அவர்தான் அநுர.

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதல் நாள் மாமா மறுபடி மதிலில் தோன்றினார். இந்த முறை தயாராக வந்திருந்தார்.

“தம்பி, ஒண்டு, ரெண்டு, மூண்டு. சரிதானே?”

“இல்லை மாமா. அது ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும். நாளைக்கு ஒரு புள்ளடிதான்.”

“அப்ப பாராளுமன்றத்துக்குப் போட்ட விருப்பு வாக்கு?”

“அதுவும் வேற. கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சி ஆட்களின்ட இலக்கத்துக்கு மேல மூண்டு வரைக்கும் புள்ளடி. அங்க ஒண்டு ரெண்டு எண்டு வரிசை கிடையாது.”

மதிலில் கையை ஊன்றியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒரே பேரை ஏனப்பா ரெண்டுக்கும் வச்சவங்கள்?” என்று கேட்டுவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போனார்.