தாம்பரத்தில் அப்பா வீடு இருக்கிறதா? பாட்டியின் பெயரை விட்டுவிடாதீர்கள்

தாம்பரம் பக்கம் அப்பா பெயரில் வீடோ மனையோ இருந்து, அப்பா இப்போது இல்லை என்றால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மெல்போர்னிலிருந்து நான்கு வார விடுப்பில் போனேன். அதில் பத்தொன்பது நாள் காகிதத்துக்கே போய்விட்டது. போதாமல் திரும்பும் பயணத்தையும் ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. பெட்டியில் என்ன வைப்பது, யாருக்கு என்ன வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

முதலில் ஊர் போய்ச் சேரும் வழி. விமான நிலையத்தில் மெட்ரோ பலகையைப் பார்த்ததும் அதில் ஏறிவிடாதீர்கள், அது நகரத்துக்குள் போகிறது, தாம்பரம் எதிர்த்திசை. சுமை குறைவாக இருந்தால் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடியுங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அப்புறம் தாம்பரம், அவ்வளவுதான். தெற்கே போகிறவர்கள் கோயம்பேட்டை மறந்துவிடுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கிருந்துதான். ரயில் டிக்கெட்டிலும் எழும்பூரா தாம்பரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல வண்டிகள் இப்போது தாம்பரத்திலிருந்தே கிளம்புகின்றன.

அந்த நாலு ஸ்டேஷன் தூரத்தைத் தூக்கக் கலக்கத்தில் கடந்துவிடாதீர்கள். பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவியைக் கண்டெடுத்தார், இந்தியாவில் பழைய கற்கால மனிதனைத் தேடும் ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்து தொடங்கியது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலை. சானடோரியம், 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக நல்ல காற்றுள்ள இடம் பார்த்துத் தொடங்கியது. 1931-ல் சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-ல் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது, அதே வருடம் கிறிஸ்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே முள்காட்டுக்குக் குடிவந்தது. காற்றுக்கும் இடத்துக்கும் ஆசைப்பட்டு வந்தவர்கள் கட்டிய ஊர் இது. அப்பாவும் அப்படி வந்தவர்தான். மின்சார ரயில் கார்ஷெட்டில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம், 1984-ல் மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டி ஒரு கிரவுண்டு மனை.

அந்த மனையின் பத்திரத்தைக் கையில் எடுத்தால் ஊர் எப்படி வளர்ந்தது என்பதும் தெரியும், உங்கள் வேலை ஏன் இழுக்கும் என்பதும் தெரியும். பத்திரத்தில் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். அதுவே பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆனது, 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது, 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு ஆனது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு மாநகராட்சி ஆக்கினார்கள். நிலம் ஒரு அங்குலம் நகரவில்லை, ஆனால் அதன் முகவரி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பத்திரத்தில் பழைய சர்வே எண், வருவாய்த்துறைக் கணக்கில் வார்டு, பிளாக், நகர சர்வே எண். இந்த எண்தான் அந்த எண் என்று காட்டும் காகிதத்தை முதல் வேலையாக வாங்கிவிடுங்கள். சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், கட்டணமில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், நான் விட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா 2022 ஆடியில். வீட்டில் இருப்பது அக்கா. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து உயர்ந்து, இப்போது எங்கள் வாசல்படி ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. தரையை உயர்த்திக் கட்ட அக்கா வங்கிக் கடன் கேட்டிருந்தாள். கடனுக்குப் பட்டா அவள் பெயரில் வேண்டும். அதற்கு நான் என் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுக்க வேண்டும். நான் போன இரண்டாம் நாள் காலை, காபி டம்ளரைக் கையில் கொடுத்தபடியே இதைச் சொன்னாள். எனக்கு முகம் சுருங்கியது. வந்து ஒரு நாள்கூட ஆகவில்லையே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாரிசு சான்றிதழ் அக்கா முன்பே வாங்கி வைத்திருந்தாள், அதில் நாங்கள் இருவர் மட்டும். பத்திர எழுத்தர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “அப்பா இறந்தப்போ அவங்கம்மா இருந்தாங்களா?” இருந்தார். பாட்டிக்கு அப்போது தொண்ணூறுக்கு மேல். அப்பா போய் ஏழு மாதம் கழித்து, மாசியில்தான் பாட்டி போனார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு. அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்ததால் மூன்றில் ஒரு பங்கு பாட்டிக்கு வந்துவிட்டது. பாட்டி இறந்ததும் அந்தப் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் பிரிகிறது: சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அப்பா இல்லாததால் அவர் பங்கு எங்கள் இருவருக்கும். ஆக சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போடாமல் வீடு அக்கா பெயருக்கு வராது. பாட்டியை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழை வைத்துப் பதிவு செய்தால் பின்னால் சிக்கல் வரும். அப்பாவுக்குப் பாட்டி பெயரோடு புதிதாக ஒன்று, பாட்டிக்குத் தனியாக ஒன்று என இரண்டு வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். ஓ.டி.பி. வர இந்திய எண் வேண்டும், அக்கா எண்ணைக் கொடுத்தோம். அதன்பிறகு ஓர் அலுவலகத்தில் எங்கள் நாட்கள் போயின. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதல் முறை, பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக நிற்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று திருப்பிவிட்டார்கள். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் முறை, பாட்டியின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை. மூன்றாம் முறை எல்லாம் சரி, கையெழுத்துப் போட வேண்டியவர் முகாமுக்குப் போயிருந்தார். காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் போய் நின்றால், “மேல போயிருக்கு, நாளைக்கு வாங்க” என்ற பதிலுக்கு மதியம் இரண்டாகிவிடும். அக்கா பதினெட்டு வருடமாக இப்படி நின்றிருக்கிறாள், வீட்டுவரிக்கு, கரண்ட்டுக்கு, அப்பாவின் பென்ஷனுக்கு. எனக்கு நான்காம் நாளே குரல் உயர்ந்துவிட்டது. அவள்தான் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

உங்கள் பெயர் எந்தெந்தக் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பதை அங்கிருந்தே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் ஓ.சி.ஐ. அட்டையையும் பான் அட்டையையும் மறக்க வேண்டாம். ஆதார் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். போகவே முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், தள்ளிப்போட்டால் வம்பு. விடுதலைப் பத்திரத்துக்கான தீர்வையும் யார் யாருக்கு எழுதிக்கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். தம்பி அக்காவுக்குக் கொடுப்பதும் சித்தப்பா கொடுப்பதும் ஒரே கணக்கில் வரும் என்று நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள், எழுத்தரிடம் முதலிலேயே கேளுங்கள்.

அத்தை திருச்சியிலிருந்து வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பா பெருங்களத்தூரில் இருக்கிறார். நேரில் போனோம். நான் கொண்டுபோன பையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“கையெழுத்துக்கு வந்தியா, பாட்டிக்கு வந்தியா?”

பாட்டியின் காரியத்துக்கு நான் போகவில்லை. மெல்போர்னில் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் பார்த்தேன், நடுவில் இணைப்பும் போய்விட்டது. பாட்டியின் மாசித் திதி என் விமானத்துக்கு ஐந்து நாள் பின்னால் வந்தது. “இருந்து எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டுப் போ. மறுநாளே எங்க வேணாலும் வந்து கையெழுத்துப் போடறேன்” என்றார். திரும்பும்போது வண்டியில் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். டிக்கெட் மாற்றச் செலவு, ஆபீசுக்கு என்ன சொல்வது, இது மிரட்டல் இல்லாமல் வேறென்ன என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, பேர் அழிந்திருந்தது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை. ஒன்றில் வருடவாரியாகப் பின் அடித்த வீட்டுவரி ரசீதுகள். இன்னொன்றில் 1984 பத்திரம். ஒவ்வொரு தாளிலும் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே ஊதா முத்திரை மை கரைந்து பரவியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கமெல்லாம் அடையாறு ஊருக்குள் வந்த வாரம் அது. இரண்டு நாள் எனக்குப் போன் கிடைக்கவில்லை, மூன்றாம் நாள் அக்கா பேசி “எல்லாரும் நல்லாயிருக்கோம்” என்றதோடு நானும் விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்பதைப் பத்திரத்தைக் காட்டித்தான் சொன்னாள். அப்பாவும் அவளும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள், பாட்டியால் படி ஏற முடியவில்லை. சித்தப்பா பெருங்களத்தூரிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து பாட்டியை முதுகில் சுமந்து மேலே ஏற்றியிருக்கிறார். அப்புறம் கீழே இறங்கிப் போய், மிதந்துகொண்டிருந்த பெட்டியிலிருந்து இந்தப் பையையும் எடுத்து வந்திருக்கிறார். அப்பா போனபிறகு பாட்டி இருந்ததும் அவர் வீட்டில்தான். அன்று இரவே டிக்கெட்டை மாற்றினேன்.

கரைந்த தாளை வைத்துக்கொண்டு திண்டாடாதீர்கள், பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், மனுப் போட்டு வாங்கிவிடுங்கள். பதிவுக்கு நேரம் ஆன்லைனில் டோக்கனாக எடுக்க வேண்டும். முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும், சாதாரண நாளாகப் பாருங்கள். அடையாள அட்டையோடு இரண்டு சாட்சி வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஊரைச் சுற்ற இரண்டே நாள்தான் கிடைத்தது. உங்களுக்கு நேரம் இருந்தால் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். சோழர் காலக் கோயில், கருவறை பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும், பின்னால் போய்ச் சுற்றிப் பாருங்கள். திருநீர்மலை திவ்ய தேசம், கீழே ஒரு கோயில், மலைமேல் ஒன்று. அனகாபுத்தூரில் நெசவாளர்கள் வாழைநாரில் சேலை நெய்கிறார்கள், ஒரு காலத்தில் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி அங்கிருந்து நைஜீரியாவுக்குப் போனது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சின்ன வயதில் அப்பா கூட்டிப்போவார், பழைய ஸ்பேனர் பார்த்து வாங்க. இந்த முறை நான்கு வெள்ளிக்கிழமை இருந்தும் போக முடியவில்லை.

திதி அன்று காலை சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, கொள்ளுப்பாட்டி பேரெல்லாம் நான் தடுமாறிய இடங்களில் எடுத்துக்கொடுத்தார். மறுநாள் பதினொன்றரைக்கு டோக்கன். கேமராவுக்கு முகம் காட்டி, விரல்ரேகை வைத்தோம். சித்தப்பாவின் ரேகை மூன்று முறை விழவில்லை, தேய்ந்துபோயிருந்தது. அக்கா தன் முந்தானையால் அவர் விரலைத் துடைத்துவிட்டாள், நான்காவது முறை விழுந்தது. சம்மதத்தோடுதான் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்டதற்கு, “என் அண்ணன் பொண்ணுக்குத்தானே” என்றார். இரவு விமானம்.

பட்டா இன்னும் வரவில்லை. அக்கா எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே காலை எழுந்ததும் அவளுக்கு இன்னும் விடிந்திருக்காது, மதியம்வரை காத்திருந்து போன் செய்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் தரையை உயர்த்திவிட வேண்டும்.