மார்ச் பனிச்சறுக்குக்கு எந்த நேரம் நல்லது?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கமிருந்து மார்ச்சில் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக்காகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பனி அந்த மாதத்தில் ஒரே நாளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான். ராத்திரிக் குளிரில் இறுகிய பனி காலையில் கண்ணாடி மாதிரி வழுக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அப்போது இறங்கவே வேண்டாம். வெயில் ஏறி மேல்பரப்பு கொஞ்சம் இளகட்டும். குச்சியை ஊன்றினால் லேசாக உள்ளே போகும். அதுதான் சரியான நேரம். மதியத்துக்கு மேல் பனி சொதசொதவென்று ஆகிவிடும். காலில் கட்டியிருக்கும் ஸ்கீ பலகை அதில் சிக்கினால் முழங்கால் திருகிக்கொள்ளும், அதனால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் சன்ஸ்கிரீன். காசிமேட்டு வெயிலையே தாங்குகிறோமே என்று விட்டுவிடாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். குல்மார்க் வேறு 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாடைக்குக் கீழேயும் மூக்கின் அடிப்பக்கத்திலும்கூடத் தடவுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

எம்.சி. ரோட்டில் எடுத்த ஜீன்ஸ் ஊர் சுற்ற மட்டும்தான். பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். தண்ணீர் புகாத பேன்ட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.